ஹை லைன் மேல் மட்டும் பழி போடாதீர்கள், அண்ணே

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் அனுப்பிய செய்தியை நிதானமாகப் படித்தேன். மேனேஜர் ஆஞ்ச் போஸ்டெகோக்லு நம் லண்டன் கால்பந்து அணியான டாட்டன்ஹாமை விட்டுப் போன பிறகும் நாம் அவரை வைத்துத்தான் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். அதில் எனக்கு வருத்தமில்லை. பேசித் தீராத விஷயம் அது. உங்கள் கேள்வி ஒன்றுதான்: "பில்பாவோவில் யூரோப்பா லீக் ஃபைனலில் ஆடின மாதிரி முதல் நாளிலிருந்தே பின்னால் இறங்கித் தடுத்து ஆடியிருந்தால் பிரீமியர் லீகில் 17ஆவது இடத்துக்குப் போயிருப்போமா?" போனில் பதில் சொல்லப் போனால் நடுவில் சத்தம் போட்டுக்கொள்வோம். அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2024-25 சீசனில் லீகில் மட்டும் 22 தோல்வி. 64 கோல் போட்டு 65 கோல் வாங்கினோம். அத்தனை கோல் போட்ட ஒரு அணி 17ஆவது இடத்தில் முடிக்கிறது என்றால் தடுப்பாட்டத்தில் ஏதோ பெரிய கோளாறு இருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கோளாறு டிஃபென்ஸ் லைன் மைதானத்தின் நடுவரை ஏறி நின்ற அந்த 'ஹை லைன்'தான் என்று நீங்கள் முடிவு கட்டுகிறீர்களே, அதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

பிரைட்டனில் 2024 அக்டோபரில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். இடைவேளையில் 2-0 முன்னிலை. இரண்டாம் பாதியில் இருபது நிமிடத்துக்குள் அடுத்தடுத்து மூன்று கோல் வாங்கி 3-2 என்று தோற்றோம். நீங்கள் அன்றைக்கு "ஹை லைன், ஹை லைன்" என்று கத்தினீர்கள். அந்த மூன்று கோலையும் மறுபடி போட்டுப் பாருங்கள், அண்ணே. எதுவுமே நம் டிஃபென்டர்களின் முதுகுக்குப் பின்னால் நீளப் பந்து போட்டு, ஓடிப் போய் அடித்த கோல் இல்லை. பிரைட்டனின் மிட்டோமாவின் பக்கமிருந்து பந்து பெட்டிக்குள் வருகிறது, நம் ஆட்கள் அங்கேதான் நிற்கிறார்கள், பந்தை வெளியே தள்ள முடியாமல் தடுமாறுகிறார்கள். அவர்களுடைய வெல்பெக் தலையால் முட்டிய மூன்றாவது கோலும் அப்படித்தான். பெட்டிக்குள் ஆள் இருந்தார்கள், ஆளைப் பிடிக்கத்தான் யாரும் இல்லை. அன்றைக்கு லைனைப் பத்து மீட்டர் பின்னால் தள்ளியிருந்தாலும் இதே கோல்கள் விழுந்திருக்கும். சொல்லப்போனால் இன்னும் சீக்கிரமே விழுந்திருக்கும்.

கார்னர் கோல்களும் அப்படியே. 2024 ஏப்ரலில் ஆர்சனலிடம் 3-2 என்று தோற்றபோது அதில் இரண்டு கார்னரிலிருந்து வந்தவை. ஒன்று நம் ஹொய்பியெர் நம் வலைக்குள்ளேயே தட்டியது, இன்னொன்று அவர்களின் ஹாவெர்ட்ஸ் தலையால் அடித்தது. அடுத்த செப்டம்பரில் மறுபடி அதே ஆர்சனல், மறுபடி கார்னர், கேப்ரியல் தலையால் அடித்து 1-0. கார்னர் எடுக்கும்போது ஹை லைன் எங்கே வந்தது? நம் கோல்கீப்பர் விகாரியோவை அவர்கள் சூழ்ந்து நின்று நகரவிடாமல் செய்தார்கள், நம் ஆட்கள் அவருக்கு வழி பண்ணிக் கொடுக்கவில்லை. இதற்கு மேனேஜரைத் திட்டுங்கள், நானும் உங்களோடு சேர்ந்துகொள்கிறேன். கார்னர், ஃப்ரீ கிக் மாதிரியான செட் பீஸ் என்பது தனியாக உட்கார்ந்து உழைக்க வேண்டிய வேலை. ஒரு சீசன் முழுக்க அதே ஓட்டை தெரிந்தும் அவர் அதைப் பெரிய பிரச்சினையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது.

அந்த ஏப்ரல் ஆட்டத்தில் ஆர்சனலின் சாகா அடித்த கோல் வேறு ரகம். நாம் எல்லோரும் முன்னால் போயிருக்க, ஒரே நீளப் பந்தில் அவர் ஓடி வந்து, நம் டிஃபென்டர் பென் டேவிஸைத் தாண்டி உள்ளே வெட்டி அடித்தார். அது உங்கள் கணக்கில் வரும் கோல், சரி. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த நீளப் பந்தை அடித்த ஹாவெர்ட்ஸுக்குத் தலையை நிமிர்த்திப் பார்த்து அடிக்க நேரம் இருந்தது. நான் சொல்ல வருவது முழுக்க அந்த ஒரு நொடியைப் பற்றித்தான்.

ஹை லைன் என்பது நாலு டிஃபென்டர்கள் மட்டும் எடுக்கிற முடிவு இல்லை. எதிரணியில் பந்து வைத்திருப்பவன் மேல் நம் ஆள் ஒருவன் பாய்கிறான், அவன் தலை குனிந்து காலடியைப் பார்க்கிறான் அல்லது தன் கோலைப் பார்த்துத் திரும்பி நிற்கிறான் என்றால், டிஃபென்ஸ் தைரியமாக மேலே ஏறலாம். அவனால் பின்னாடி இருக்கிற காலி இடத்துக்குப் பந்து போட முடியாது. அவன் தலை நிமிர்ந்துவிட்டான், மேலே யாரும் பாயவில்லை என்றால், அந்த நொடியே நாலு பேரும் திரும்பிப் பின்னால் ஓட ஆரம்பிக்க வேண்டும். இந்த இரண்டு நிலையையும் படித்து ஏறி இறங்குவதுதான் ஹை லைன். பயிற்சியாளர் சாக்கி காலத்து ஏசி மிலான் இதை எவ்வளவு அழகாகச் செய்தது! முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் நடுவே சுமார் 25 மீட்டர்தான் இருக்க வேண்டும் என்று அவர் ஒற்றைக் காலில் நின்றார். பரேசி, மால்தினி, கோஸ்தகூர்தா, தாசோத்தி என்று நாலு டிஃபென்டர்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். அவர்களுக்கு முன்னால் ஆறு பேர் ஓடி ஓடிப் பந்து வைத்திருப்பவனை நெருக்கினார்கள், அதனால்தான் அந்த நாலு பேரால் அப்படி நிற்க முடிந்தது. 1989, 1990 இரண்டு வருடமும் ஐரோப்பியக் கோப்பை அவர்களுக்கே.

நம்மிடம் இல்லாமல் போனது அந்த முன்னால் ஓட்டம்தான். 2023 ஆகஸ்டிலிருந்து முதல் பத்து லீக் ஆட்டம், எட்டு வெற்றி, இரண்டு சமன், 26 புள்ளி. அப்போதும் இதே லைன்தானே? அப்போது டிஃபென்ஸுக்கு முன்னால் ஆடிய மேடிசனும் குலுசெவ்ஸ்கியும் பாப்பே சாரும் பந்தை இழந்த அடுத்த நொடி பாய்ந்தார்கள். மேலே வரும் பந்து அரைகுறையாகத்தான் வந்தது. தப்பி வந்ததை டிஃபென்டர் வான் டி வென் ஓடிப் பிடித்தார். மணிக்கு 37.38 கிலோமீட்டர் வேகம் அண்ணே அவருக்கு, 2024 ஜனவரியில் பிரென்ட்ஃபோர்டுக்கு எதிராகப் பதிவானது. அப்படிப்பட்ட ஒருவர் பின்னால் இருந்தால் பத்து மீட்டர் இடத்தை விட்டுக்கொடுத்தும் பிழைக்கலாம்.

2023 நவம்பர் 6, செல்சி ஆட்டத்துக்கு வருகிறேன், நீங்கள் எப்போதும் அங்கேதான் போய் நிற்பீர்கள். நம் டிஃபென்டர் ரொமேரோவுக்குச் சிவப்பு அட்டை. முதல் பாதியிலேயே வான் டி வென்னும் மேடிசனும் காயத்தோடு வெளியே. 55ஆவது நிமிடத்தில் இன்னொரு டிஃபென்டர் உடோஜியும் சிவப்பு அட்டையோடு போனார். ஒன்பது பேர். அப்படியும் லைன் நடுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே நின்றது. டிஃபென்டர் டையர் கையைத் தூக்கி ஆஃப்சைடு கேட்டுக்கொண்டே இருக்கிறார். மிட்ஃபீல்டில் ஆடுகிற ஹொய்பியெர் சென்டர் பேக்காக நிற்கிறார். விகாரியோ பெட்டியை விட்டு வெகுதூரம் வெளியே ஓடி வந்து பந்தை உதைத்துத் தள்ளுகிறார், திரும்பி ஓடுகிறார், மறுபடி வருகிறார். நீங்கள் இதைத் தற்கொலை என்கிறீர்கள். ஸ்கோர் 4-1 என்று எழுதியிருப்பதால் அப்படித்தான் தெரியும். ஆனால் 75ஆவது நிமிடம் வரை 1-1. அதற்குப் பிறகும் 2-1 ஆக இருந்தபோது டையர் வலைக்குள் அடித்தது ஆஃப்சைடு ஆனது, பென்டன்கூருக்கு ஒரு வாய்ப்பு தவறியது, சன் ஹியுங்-மின் அடித்ததை அவர்கள் கோல்கீப்பர் தடுத்தார். கடைசி இரண்டு கோலும் கூடுதல் நேரத்தில் விழுந்தவை. ஒன்பது பேரோடு பெட்டிக்குள் பதுங்கியிருந்தால் அவ்வளவு நேரம் தாக்குப்பிடித்திருப்போம் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? ஆட்டம் முடிந்ததும் மைதானத்தில் எழுந்து நின்று கைதட்டினார்களே, அது தோல்விக்குத் தட்டின கை இல்லை.

ஆனால் அந்த ராத்திரி போஸ்டெகோக்லுவுக்கு ஒரு கெட்ட பாடத்தையும் கற்றுக்கொடுத்துவிட்டது என்று எனக்குத் தோன்றும். ஆள் யாராக இருந்தாலும் ஆட்டம் மாறாது என்கிற பிடிவாதம் அதற்குப் பிறகு இன்னும் இறுகிப் போனது. அவர் மேல் என் கோபம் இதுதான். உங்கள் கோபத்திலிருந்து இது வேறு.

2024 டிசம்பர் 8, மறுபடி செல்சி. காயத்திலிருந்து திரும்பி வந்த ரொமேரோவையும் வான் டி வென்னையும் ஒரே ஆட்டத்தில் இறக்கினார். இரண்டு பேருமே அதே ஆட்டத்தில் மறுபடி காயம்பட்டு வெளியேறினார்கள். 2-0 முன்னிலையில் இருந்த ஆட்டம் 4-3 தோல்வியாக முடிந்தது. செல்சியின் பால்மர் அடித்த இரண்டு பெனால்டியும் யார் செய்த தவறால் வந்தவை? ஒன்று பிசூமா, இன்னொன்று பாப்பே சார். இரண்டு பேரும் நம் மிட்ஃபீல்டர்கள். ஒரு நொடி தாமதமாக வந்து காலை நீட்டுகிறார்கள். ஓடிக் களைத்துப் போன கால்கள் அப்படித்தான் செய்யும். அடுத்த இரண்டு வாரத்தில் லிவர்பூல் நம் மைதானத்துக்கே வந்து ஆறு கோல் போட்டது. அன்றைக்கு சென்டர் பேக்கில் நின்றவர் ஆர்ச்சி கிரே, 18 வயது, மிட்ஃபீல்டில் ஆடும் பையன். கோலில் விகாரியோ இல்லை. முன்னால் நெருக்க யாரிடமும் தெம்பு இல்லை. லைன் மட்டும் பழைய இடத்திலேயே நின்றது. அண்ணே, நெருக்கவும் ஆள் இல்லை, ஓடிப் பிடிக்கவும் ஆள் இல்லை என்று தெரிந்த பிறகு லைனைக் கொஞ்சம் இறக்கியிருக்க வேண்டாமா? வான் டி வென் இருந்தால் ஒரு உயரம், இல்லையென்றால் வேறு உயரம் என்று வைத்திருக்கலாமே. அந்த இளம் பையனை அவ்வளவு பெரிய காலி இடத்தைக் காவல் காக்க விட்டதை என்னால் நியாயப்படுத்த முடியாது.

அப்புறம் பில்பாவோ. 2025 மே 21. பிரென்னன் ஜான்சன் 42ஆவது நிமிடத்தில் எப்படியோ உள்ளே தள்ளிய கோல். அதற்குப் பிறகு பந்து பெரும்பாலும் மான்செஸ்டர் யுனைடெட்டின் காலில்தான். அவர்களின் ஹொய்லுண்ட் தலையால் அடித்த பந்து விகாரியோவைத் தாண்டிவிட்டது, காலி வலை. வான் டி வென் பின்னோக்கிப் பாய்ந்து, காற்றில் காலை வீசி, கோட்டின் மேல் இருந்து அதை உதைத்து வெளியே தள்ளினார். அந்தக் கால் ஒரு சாண் தாழ்ந்திருந்தால் இன்றைக்கு உங்கள் வாதமே இல்லை. கடைசியில் டிஃபென்டர் டான்சோவையும் இறக்கி ஐந்து பேரைப் பின்னால் நிறுத்தினோம். 2008க்குப் பிறகு முதல் கோப்பை. 1984க்குப் பிறகு முதல் ஐரோப்பியக் கோப்பை. நீங்கள் அழுதீர்கள், நானும் அழுதேன். அந்த ஆட்டத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனசே வராது.

இருந்தாலும் கேட்கிறேன். அன்று எதிரே இருந்தது யார்? லீகில் 38 ஆட்டத்தில் 44 கோல் மட்டுமே போட்டு 15ஆவது இடத்தில் முடித்த அணி. பெட்டி முன்னால் பத்துப் பேர் நின்றால் உடைக்கத் தெரியாத அணி. அவர்களுக்கு எதிராக அது சரியான திட்டம். அதே சீசனில் செப்டம்பரில் அதே யுனைடெட்டை அவர்கள் மைதானத்திலேயே 3-0 என்று அடித்தோமே, அது நினைவிருக்கிறதா? மூன்றாவது நிமிடம், வான் டி வென் நம் பாதியில் பந்தைப் பறித்து, ஒரே ஓட்டமாக ஓடி, குறுக்கே தள்ளிவிட, ஜான்சன் அடித்தார். இடைவேளைக்கு முன் அவர்களில் ஒருவர் சிவப்பு அட்டை வாங்கினார், அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் அதற்கு முன்பே நாம் அவர்களை மூச்சுவிட விடவில்லை. மே மாதம் வலைக் கோட்டில் நம்மைக் காப்பாற்றிய அதே ஆள்தான் செப்டம்பரில் அவர்கள் பெட்டி வரை ஓடினார். இரண்டு விதமாகவும் ஆட அந்த அணியால் முடிந்தது. அதே கோப்பையின் முந்தைய சுற்றுகளில் பிராங்க்பர்ட்டில் 1-0, போடோவில் 2-0 என்று அடக்கி ஆடி ஜெயித்தபோதே அது தெரிந்துவிட்டது. எதிரணியைப் பார்த்து, இருக்கிற ஆளைப் பார்த்து ஆட்டத்தை மாற்றும் அந்த நிதானத்தை அவர் ஏப்ரல், மே மாதத்தில்தான் காட்டினார். நவம்பரிலேயே காட்டியிருந்தால் என்ற உங்கள் ஏக்கம் எனக்கும் உண்டு. ஆனால் "எப்போதும் பின்னால் நில்லுங்கள்" என்பதும் அதே பிடிவாதத்தின் மறுபக்கம்தானே?

ஜூன் 6ஆம் தேதி அவரை அனுப்பியது சரிதான் என்கிறீர்கள். 22 தோல்விக்குப் பிறகு எந்த நிர்வாகமும் யோசிக்கும், எனக்குப் புரிகிறது. கோப்பையோடு வந்த மனிதரைப் பதினாறே நாளில் அனுப்பியது எனக்கு இன்னும் ஒப்பவில்லை. இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம், விடுங்கள்.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஒருநாள் சாவகாசமாக அந்த டிசம்பர் செல்சி ஆட்டத்தை இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம். கோல் விழும் நொடியை விட்டுவிட்டு, அதற்குப் பத்து நொடி முன்னால் நிறுத்துவோம். பந்து யார் காலில் இருக்கிறது, அவன் தலை நிமிர்ந்திருக்கிறதா, அவனுக்குப் பக்கத்தில் நம் ஆள் யார், அவன் ஓடுகிறானா நடக்கிறானா என்று பாருங்கள். அதைப் பார்த்த பிறகும் டிஃபென்டர்கள் டிராகுசினையும் உடோஜியையும்தான் திட்டுவேன் என்றால் திட்டுங்கள், நான் குறுக்கே பேச மாட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் எனக்கு ஒழிவுதான். நேரம் சொல்லுங்கள்.

அன்புடன்,
தம்பி