சண்முகத்துக்கு, சிரக்யூஸிலிருந்து

சிரக்யூஸ், நியூயார்க் மாநிலம்
மார்ச் 14

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. கோவில்பட்டி வெயிலைப் பற்றி இரண்டு வரி, மற்றதெல்லாம் செந்திலைப் பற்றி. நீ இத்தனை காலம் கட்டிக்காத்த ஹாக்கி கிளப் அணியை இனி அவன் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருப்பவன், அப்பா இடத்தில் மகன் வந்து உட்கார்ந்துவிட்டான் என்று ஊர் பேசுமே என்று தயங்குகிறான். உனக்கும் உள்ளூரப் பயம்தான் என்று எழுத்திலேயே தெரிகிறது.

படித்ததும் எனக்கு ராய் சிம்மன்ஸின் நினைவு வந்தது. இங்குள்ள சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் ஆண்கள் லக்ராஸ் அணிக்கு 1971 முதல் 1998 வரை தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர். அவர் ஒரு சிற்பி. இதே பல்கலைக்கழகத்தில் சிற்பக்கலை கற்றுக்கொடுத்தவர். அவருக்கு முன்பு அந்தப் பதவியில் 1931 முதல் 1970 வரை இருந்தவர் அவருடைய தந்தை. பெயரும் ராய் சிம்மன்ஸ்தான். செந்திலுக்கு ஊர்ப்பேச்சு பாரமாக இருக்கிறது என்றால், நாற்பது ஆண்டு ஆண்ட தந்தையின் அதே பெயரோடு அதே மைதானத்தில் போய் நின்றவரின் பாரத்தை யோசித்துப் பார்.

நீ லக்ராஸ் பார்த்திருக்க மாட்டாய். நம் ஹாக்கியின் உறவுதான், ஆனால் பந்து தரையில் உருளாது. மட்டையின் நுனியில் ஒரு வலைப்பை இருக்கும், அதில் பந்தை ஏந்திக்கொண்டு ஓட வேண்டும். எதிரி மட்டையால் அடித்துத் தட்டிவிடப் பார்ப்பான். பந்து விழாமல் இருக்க, ஓடிக்கொண்டே மணிக்கட்டைத் தொட்டில் ஆட்டுவதுபோல் ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். அணிக்குப் பத்துப் பேர், ஆறடிக்கு ஆறடி கோல். போன வாரம் பேரனோடு உள்ளரங்கத்தில் ஓர் ஆட்டம் பார்த்தேன். நடுக்கோட்டில் இரண்டு பேர் குனிந்து, மட்டைகளைத் தரையில் வைத்து, பந்தை நடுவில் விட்டுக் காத்திருக்கிறார்கள். விசில் ஊதியதும் அந்த ஒரு பந்துக்காக முட்டி மோதுகிறார்களே, ஹாக்கி ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் நம் பழைய புல்லி ஆஃப் கண்முன் வந்து நின்றது.

இந்த விளையாட்டு வெள்ளையர்களுடையது அல்ல. நகரத்துக்குத் தெற்கே, காரில் சிறிது தூரத்தில், ஒனொன்டாகா என்ற பூர்வகுடி மக்களின் பூமி இருக்கிறது. ஹோடெனோஷோனி என்ற பூர்வகுடிக் கூட்டமைப்பின் ஓர் இனம் அவர்கள். அவர்களுக்கு இது படைத்தவன் கொடுத்த ஆட்டம், நோய் தீர்க்கும் சடங்கு. பழைய மட்டையை அவர்கள் ஹிக்கரி மரத்தில் செய்வார்கள். மரத்தைப் பிளந்து, நீராவியில் வாட்டி, நுனியை வளைத்துக் கட்டி, பல மாதம் காயவிட்டு, பிறகுதான் செதுக்குவார்கள். அப்படி ஒரு மட்டையை இங்கே கையில் வாங்கிப் பார்த்தேன். வளைவில் மர நார் ஒன்றுகூட அறுபடாமல் தொடர்ந்து ஓடுகிறது. நாம் ஆடிய காலத்து ஜலந்தர் மட்டையின் மல்பெரி வளைவை விரலால் தடவிப் பார்ப்பாயே, அதே சுகம். 1970இல் பிளாஸ்டிக் தலை வைத்த மட்டை வந்தது. அடுத்த ஆண்டு மகன் சிம்மன்ஸ் பயிற்சியாளரானார்.

அவரும் மாணவராக இங்கே தந்தையின் அணியில்தான் ஆடினார். 1957இல் அந்த அணி ஓர் ஆட்டம்கூடத் தோற்கவில்லை. பின்னால் அமெரிக்கக் கால்பந்தில் பெரும்புகழ் பெற்ற ஜிம் பிரவுன் அதில் இருந்தார். கோல் காத்தவர் ஓரன் லயன்ஸ். ஒனொன்டாகாக்காரர். அவரும் இங்கே நுண்கலை படித்த ஓவியர், பிற்காலத்தில் தம் மக்களின் ஆன்மிகத் தலைவர்களில் ஒருவரானார். 1983இல் தம் மக்களுக்கென்று ஒரு தேசிய லக்ராஸ் அணியை உருவாக்கியவர்களிலும் ஒருவர். செந்திலிடம் இதை மறக்காமல் சொல். தூரிகை பிடிக்கும் கைக்கு மட்டை அந்நியம் என்று அவனிடம் யாராவது சொல்லியிருந்தால், அது வெறும் பேச்சு.

மகன் சிம்மன்ஸுக்கு வெற்றி உடனே வரவில்லை. அவர் பதவிக்கு வந்த 1971இல்தான் கல்லூரி லக்ராசுக்கு, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் தேசியப் போட்டி தொடங்கியது. முதல் பட்டம் 1983இல். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் அணிக்கு எதிரான அந்த இறுதி ஆட்டத்தில் ஒரு கட்டத்தில் 12-5 என்று பின்தங்கியிருந்தார்கள். முடிவில் 17-16 என்று வென்றார்கள். அந்த ஆண்டிலிருந்து அவர் ஓய்வு பெறும்வரை ஒவ்வோர் ஆண்டும் அரையிறுதிக்கு வந்தார்கள். பதினாறு ஆண்டுகள், ஒன்றுகூட விடாமல்! நம் ஊரில் எத்தனை நல்ல அணிகள் இரண்டு ஆண்டில் உதிர்ந்து போவதைப் பார்த்திருக்கிறோம்.

ஆனால் எனக்கு அவரைப் பிடித்ததற்குக் கோப்பைகள் காரணமில்லை. பையன்களைக் கற்பனை செய்ய விட்டார் என்பதுதான். கிழக்குக் கரையின் பழம்பெரும் அணிகள் பந்தைப் பத்திரமாகக் கைமாற்றி, நேரம் பார்த்து, அளந்து ஆடின. இவருடைய பிள்ளைகள் ஓடினார்கள், முதுகுக்குப் பின்னால் பந்து கொடுத்தார்கள். கனடாவின் விக்டோரியாவிலிருந்து கேரி, பால் என்று கெய்ட் இரட்டையர் வந்து சேர்ந்தார்கள். உள்ளரங்க லக்ராசில் வளர்ந்தவர்கள். 1988 அரையிறுதியில் பென்சில்வேனியா அணிக்கு எதிராக கேரி கோலுக்குப் பின்புறமிருந்து ஓடிவந்து, காற்றில் எழும்பி, குறுக்குக் கம்பத்துக்கு மேலே மட்டையை நீட்டிப் பந்தை உள்ளே குத்தினான். அதே ஆட்டத்தில் இன்னொரு முறையும் செய்தான். பிறகு விதியை மாற்றித் தடை போட வேண்டியதாயிற்று. கட்டளை மட்டும் கேட்டு வளர்ந்த பையனுக்கு அந்தத் துணிச்சல் வந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம். சிற்பியின் கண் அந்த அணிக்குக் கொடுத்தது இதைத்தான்.

குறையும் உண்டு, அதையும் எழுதுகிறேன். 1990இல் வென்ற பட்டத்தை என்.சி.ஏ.ஏ. பிறகு பறித்துவிட்டது. பால் கெய்ட் கார் வாங்க எடுத்த கடனுக்குப் பயிற்சியாளரின் மனைவி உத்தரவாதக் கையெழுத்துப் போட்டிருந்தார். அது விதிமீறல். நம் ஊரில் மாணவனுக்கு வாத்தியார் வீட்டம்மா பஸ் காசு கொடுப்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது கடுமையாகவே படுகிறது. ஆனாலும் விதி விதிதான், பயிற்சியாளர் வீட்டு வாசல்வரை அது வரும். செந்தில் முதல் நாளே ஒரு கணக்கு நோட்டுப் போட்டு, யாருக்கு எது எங்கிருந்து வந்தது என்று எழுதி வைக்கட்டும்.

இந்த வேலையின் மறுபக்கம் மைதானத்தில் தெரியாது. பள்ளிப் பிள்ளைகளைத் தேடிப்போய்ப் பார்க்க வேண்டும், பெற்றோரிடம் பேச வேண்டும். அண்மைக்காலம்வரை ஒரு பல்கலைக்கழகம் ஆண்கள் லக்ராசுக்கு மொத்தம் 12.6 முழு உதவித்தொகைகள்தான் தரலாம் என்பது விதி. அணியிலோ நாற்பதுக்கும் மேற்பட்ட பையன்கள். யாருக்குப் பாதி, யாருக்குக் கால், யாருக்கு ஒன்றுமே இல்லை என்று பங்கு வைப்பவர் பயிற்சியாளர். விளையாட்டு விடுதியில் இடம் கேட்டு உன் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்த தகப்பன்மாரை நினைத்துக்கொள், உனக்கே விளங்கும்.

இன்னொன்று கேள். இந்த அணி 1916இல் தொடங்கியது. இதுவரை ஐந்தே ஐந்து தலைமைப் பயிற்சியாளர்கள். முதலில் லாரி காக்ஸ், இங்குள்ள வனவியல் கல்லூரியின் பேராசிரியர். பிறகு தந்தை சிம்மன்ஸ், அவர் காக்ஸிடம் ஆடியவர். பிறகு மகன். 290 வெற்றிகளோடு அவர் விலகியபோது, அவரிடம் ஆடி, அவருக்கே உதவியாளராக இருந்த ஜான் டெஸ்கோ வந்தார், ஐந்து பட்டங்கள் வென்றார். 2021இல் வந்திருப்பவர் யார் தெரியுமா? கம்பத்துக்கு மேலே பறந்த அதே கேரி கெய்ட். 2025இல் அணியை, 2013க்குப் பிறகு முதல் முறையாக, மறுபடி அரையிறுதிக்குக் கொண்டுபோனார். ஆக, அங்கே ஒரு வீட்டுப்பிள்ளை பொறுப்புக்கு வந்தது அணிக்குக் கேடாகவில்லை. அவர் தந்தையைப் போல ஆடவைக்க முயலாமல் தன் போக்கில் ஆடவைத்தார், தனக்குப் பின்னால் வருகிறவர்களையும் வளர்த்தார்.

அதனால் செந்தில் ஒத்துக்கொள்ளட்டும், சண்முகம். உனக்கும் ஒரு வேண்டுகோள், நட்பின் உரிமையில். முதல் ஓராண்டு பயிற்சி நேரத்தில் நீ மைதானத்துக்குப் போகாதே. நீ கோட்டோரம் நின்றாலே பையன்கள் அவனைப் பார்க்க மாட்டார்கள், உன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். வீட்டுக்கு வந்து அவன் கேட்டால் சொல். கேட்காவிட்டால் காப்பியைக் குடித்துவிட்டுப் பேசாமல் இரு.

எங்கள் வீட்டில் எல்லோரும் நலம். உன் மதினிக்கு முழங்கால் வலி குளிரில் கூடியிருக்கிறது, ஏப்ரலில் குறையும் என்கிறார் மருத்துவர். பேரன் பள்ளி அணியில் சேர்ந்திருக்கிறான், கையெல்லாம் சிராய்ப்பு. 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டோடு லக்ராசும் வருகிறது. ஆட்டத்தை உலகுக்குக் கொடுத்த ஹோடெனோஷோனி மக்கள் தங்கள் சொந்தக் கொடியின்கீழ் ஆட இடம் கேட்கிறார்கள். கொடுத்தாக வேண்டும் என்பது என் கருத்து.

ஜூலையில் ஊருக்கு வருகிறோம். செந்திலுக்கு ஒரு லக்ராஸ் மட்டையும் இரண்டு பந்தும் கொண்டுவருகிறேன். அதற்குள் அவன் முடிவை அவன் கையாலேயே எனக்கு எழுதச் சொல். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சுப்பையா