கோடு போட்ட அந்த நோட்டுக்கு நன்றி

பொதுமக்கள் தாமாக முன்வந்து, தம் தொழிலுக்கிடையே ஆயுதப் பயிற்சி பெற்ற சிங்கப்பூர்த் தொண்டர் படை பற்றிய என் குறிப்புகள் கைவிட்டுப் போன கதை நண்பர்கள் அனைவருக்கும் தெரியும் என்பதால் அதை மறுபடி எழுதப்போவதில்லை. அவற்றில் பெரும்பகுதி மீண்டும் என் மேசைக்கு வந்து சேர்ந்துவிட்டது என்பதைச் சொல்லவும், சேர்த்தவர்களுக்கு நன்றி கூறவுமே இம்மடல்.

பழைய நாளிதழ்ப் பக்கங்களை மறுபடி தேடித் தந்தவர்கள், தங்களிடமிருந்த படங்களின் நகல்களை அனுப்பியவர்கள், இரவு வெகுநேரம் என்னோடு தொலைபேசியில் பேசி ஆறுதல் சொன்னவர்கள் அனைவருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

நான் சற்றும் எதிர்பாராத உதவி, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரிடமிருந்து வந்தது. படையின் மீது அரசு காட்டிய ஆதரவைப் பற்றிய அத்தியாயத்தைப் பல மாதங்களுக்கு முன் அவரிடம் படிக்கக் கொடுத்திருந்தேன். அதை அவர் பள்ளிப் பிள்ளைகளின் நோட்டு ஒன்றில் தம் கையாலேயே முழுவதும் படியெடுத்து வைத்திருந்தார். 1854இல் சீனக் குழுக்களிடையே மூண்ட கலவரத்தை அடுத்துப் படை தோன்றியதும், ஆளுநர் பட்டர்வொர்த் அதன் முதல் கர்னலானதும், 1857இல், அப்போது சிங்கப்பூரையும் ஆண்டுவந்த பிரிட்டிஷ் இந்திய அரசு இயற்றிய சட்டம் தொண்டர் படைகளுக்கு அங்கீகாரம் அளித்ததும், ஆள்பலம் குறைந்து 1887இல் கலைக்கப்பட்ட படை மறு ஆண்டே பீரங்கிப் படையாக மீண்டதும் அதில் ஒன்றுவிடாமல் இருந்தன.

ஆனால் அந்த நோட்டின் பெருமை அதிலில்லை. ஓரங்களில் சிவப்பு மையில் அவர் கேள்விகள் எழுதியிருந்தார். 1889இல் பொதுமக்கள் நன்கொடையில் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கிகள் வாங்கப்பட்டதைச் சொல்லும் வரிக்கு எதிரே, “அரசு ஏன் வாங்கித் தரவில்லை?” என்றிருந்தது. தொண்டர் ஒருவரின் பயிற்சியைப் பற்றிய பத்திக்கு எதிரே, “இவர் பயிற்சிக்குப் போன நேரத்தில் கடையை யார் பார்த்துக்கொண்டார்?” என்றிருந்தது. சட்டம், பதவி, பட்டம் என்று பத்துப் பக்கம் எழுதிய எனக்கு இந்தக் கேள்வி ஒருமுறைகூடத் தோன்றவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். கர்னல் பட்டத்தைத் தருவதற்கு எந்தக் கருவூலமும் திறக்க வேண்டியதில்லை; தொண்டரின் நேரத்துக்கு விலை உண்டு, அதை அவரும் அவர் வீட்டாருமே கொடுத்திருக்க வேண்டும். 1887ஆம் ஆண்டுக் கலைப்பை ஆர்வக் குறைவு என்று ஒற்றைச் சொல்லில் நான் முடித்துவிட்டதும் இப்போது அவசரமாகவே படுகிறது. அந்த அத்தியாயத்தை அவருடைய கேள்வியிலிருந்தே மறுபடி தொடங்குவதென்று முடிவு செய்திருக்கிறேன்.

படியெடுத்து முடித்ததும் நோட்டைத் திருப்பித் தரப் போனேன். டீச்சர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. “கடைசியில் இருபது பக்கம் காலியாகத்தானே கிடக்கிறது, தம்பி, பதில் கிடைத்தால் அதில் எழுதிக்கொண்டு வாருங்கள்” என்று சொல்லி, மேசைமேல் கிடந்த சிவப்புப் பேனாவையும் எடுத்து என் கையில் கொடுத்தார்.