பிலாத்து அவ்வளவு நல்லவரா?

ஆசிரியருக்கு,

சென்ற இதழின் தவக்காலக் கட்டுரை, இயேசுவுக்குச் சிலுவைத் தீர்ப்பு எழுதிய ரோம ஆளுநர் பிலாத்துவை நல்ல மனம் இருந்தும் கையாலாகாத அதிகாரியாகக் காட்டிவிட்டு, இயேசுவைக் கொன்ற மொத்தப் பழியையும் யூத இனத்தின் தலையில் போட்டிருக்கிறது. அந்த விசாரணையைச் சொல்லும் மத்தேயு நற்செய்தியின் 27-ஆம் அதிகாரத்தை மட்டும் தனியாக எடுத்து வாசித்தால் அப்படித்தான் தோன்றும். அந்த நற்செய்தி எந்தக் காலத்தில், யாருக்காக எழுதப்பட்டது என்று பார்க்க வேண்டாமா?

பிலாத்து கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவின் ஆளுநர். எருசலேம் கோவில் பணத்தை எடுத்துத் தண்ணீர்க் கால்வாய் கட்டினார். தட்டிக்கேட்கத் திரண்ட கூட்டத்துக்குள் சாதாரண உடையில் வீரர்களைக் கலக்கவிட்டு, தடியால் அடித்துக் கொல்ல வைத்தார். சொல்பவர் அதே நூற்றாண்டின் யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ். கடைசியில் சமாரியர்களை வெட்டிச் சாய்த்த விவகாரத்தில்தான் பதவி போனது. இந்த மனிதர் கூட்டத்தின் கூச்சலுக்குப் பயந்தார் என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கிறது. சிலுவையும் ரோமர்கள் கொடுத்த தண்டனைதான்.

அப்புறம், இந்த இரத்தப்பழியில் எனக்குப் பங்கில்லை என்று பிலாத்து கூட்டத்தின் முன் செய்யும் அந்தக் கை கழுவல். நான்கு நற்செய்திகளில் மத்தேயுவில் மட்டுமே அது வருகிறது. வெட்டவெளியில் ஒரு பிணம் கிடந்து, கொன்றவர் யாரென்று தெரியாவிட்டால், பக்கத்து ஊர்ப் பெரியவர்கள் ஒரு கிடாரியின் கழுத்தை முறித்து, அதன் மேல் கைகளைக் கழுவி, இந்த இரத்தத்தை நாங்கள் சிந்தவில்லை என்று சொல்ல வேண்டும். இது பழைய ஏற்பாட்டின் இணைச்சட்ட நூல், 21-ஆம் அதிகாரத்தில் உள்ள யூத முறை. அதை ஒரு ரோம ஆளுநர் செய்வதாக மத்தேயு எழுதுகிறார். மோசேயின் சட்டம் தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபட்டிருக்கும்.

கி.பி. 70-இல் ரோமப் படை எருசலேமைத் தரைமட்டமாக்கி, கோவிலையும் எரித்தது. பெரும்பாலான அறிஞர்கள் மத்தேயு நற்செய்தியை அதற்குப் பிந்தியதாகவே கணிக்கிறார்கள். பிலாத்து கை கழுவியதும் கூட்டம் கத்துகிற 'இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும்' என்ற வரியில் வரும் பிள்ளைகள், சுமார் நாற்பது வருடம் கழித்து அந்த அழிவில் சிக்கிய தலைமுறை என்று அவர்களில் பலர் சொல்வது எனக்குச் சரியாகவே படுகிறது. கோவில் போன பிறகு இனி எப்படி வாழ்வது, யார் பேச்சைக் கேட்பது என்று யூதர்கள் தங்களுக்குள் போட்ட சண்டையின் சூடு அந்த வரியில் இருக்கிறது. பங்காளிச் சண்டையில் விழுந்த வார்த்தையைப் பிற்காலத்து ஐரோப்பியக் கிறிஸ்தவர்கள் எடுத்துக்கொண்டு, ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் யூதர்களை அடித்ததுதான் கொடுமை. அன்றைய யூதர் எல்லார்மீதும், இன்றைய யூதர்மீதும் அந்தப் பழியைச் சுமத்தக் கூடாது என்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இலேயே சொல்லிவிட்டது. உங்கள் கட்டுரையாளருக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

இயேசுவின் பாடுகள் மத்தேயு நற்செய்தியிலிருந்து வாசிக்கப்படும் குருத்து ஞாயிறுகளில், கூட்டத்தின் குரலாக அந்த வரியை எங்கள் பங்கில் எல்லாரும் சேர்ந்து சத்தமாகச் சொல்கிறோம், சிறு பிள்ளைகள் உட்பட. வாசிப்புக்கு முன் 70-ஆம் ஆண்டைப் பற்றிப் பங்குத்தந்தை இரண்டு வார்த்தை சொன்னால் பூசை ஒன்றும் நீண்டுவிடாது.

ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை