பசுக்கன்று தரும் சினை ஊசியை நாகுகளுக்கு முதலில் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பெரும்பாலும் பசுக்கன்றையே ஈன வைக்கும் சினை ஊசியை, அதாவது பிரித்தெடுத்த காளை விந்தைச் செயற்கையாகச் செலுத்தும் முறையை, வன்னியிலும் பரவலாக்க வேண்டும் என்று பால் மாடு வளர்ப்போர் கேட்பதில் நியாயம் உண்டு. உழவு இயந்திரம் வந்த பின் ஏருக்கும் வண்டிக்கும் நாம்பனைத் தேடுவாரில்லை. ஆனால் எந்த மாட்டுக்கு அதைப் போடுவது என்பதை முதலில் தீர்மானிக்காவிட்டால் பணம்தான் வீணாகும்.

காளையின் விந்தணுக்களில் எக்ஸ் நிறமூர்த்தம் கொண்டவையே பசுக்கன்றைத் தருபவை. அவற்றில் மரபுப் பொருளான டி.என்.ஏ. ஏறக்குறைய 4 சதவீதம் கூடுதலாக இருப்பதால், சாயமேற்றி லேசர் ஒளியில் செலுத்தும்போது அவை சற்றுக் கூடுதலாக ஒளிர்கின்றன. அந்தச் சிறு வேறுபாட்டை வைத்தே இயந்திரம் அவற்றைப் பிரிக்கிறது. பிறக்கும் கன்றுகளில் பத்துக்கு ஒன்பது பசுக்கன்றாக இருக்கும். ஆயினும் பிரிப்பின்போது அணுக்கள் நலிவடைவதாலும், வழமையான ஊசியில் 2 கோடி அளவில் இருக்கும் அணுக்கள் இதில் பெரும்பாலும் 20 முதல் 40 இலட்சமே என்பதாலும், சினை தங்கும் வாய்ப்பு குறைகிறது. இதைப் பண்ணையாளருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

இன்னும் கன்று ஈனாத இளம் பசுக்களான நாகுகளில் சினை பிடிக்கும் வாய்ப்பு இயல்பாகவே கூடுதல். பசுக்கன்று நாம்பன் கன்றை விடச் சிறியதாக இருப்பதால் தலையீற்றும் அவற்றுக்கு எளிதாகும். பலமுறை ஊசி போட்டும் தங்காத கறவைக்கு, இதையாவது போட்டுப் பார்ப்போம் என்று போட்டால் அடுத்த வேட்கை, அதாவது சினைக்கு வரும் பருவம், வர இன்னும் 21 நாட்கள் காத்திருக்க நேரிடும்.

கூட்டமாகத் திறந்த வெளியில் மேயவிடும் பட்டி மாடுகளின் கதை வேறு. மாரி மழையை நம்பிய காலபோக நெல் விதைப்புடன் பட்டிகள் வயல்வெளியை விட்டுக் காட்டோரங்களுக்குப் போய்விடுகின்றன. நாட்டு மாட்டின் வேட்கை குறுகிய நேரமே நீடிக்கும். இரவில் வந்து விடியுமுன் முடிந்துவிடுவதும் உண்டு. விந்தை உறைநிலையில் வைத்திருக்கும் திரவ நைதரசன் கொள்கலனை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு உத்தியோகத்தர் வரும் வரை பட்டியில் நிற்கும் நாம்பன்கள் காத்திருப்பதில்லை.

ஆகவே கொட்டிலில் கட்டி வளர்க்கும் குடும்பங்களின் நாகுகளுக்கு, உடல் நிலையைப் பரிசோதித்த பின், இந்த ஊசியை முதலில் வழங்குமாறும், சினை தங்காவிடில் அடுத்த ஊசியைக் கட்டணமின்றிப் போடுமாறும் அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன். பட்டிக்காரருக்கு அதைவிட முதலில் வேண்டியது எல்லையிடப்பட்ட மேய்ச்சல் தரை. இருக்கும் மாடுகளுக்கே புல் இல்லாத இடத்தில் பசுக்கன்றுகளைப் பெருக்கி எங்கே மேய்ப்பது?

இப்படிக்கு,
பண்ணையாளர் ஒருவர்,
ஒட்டுசுட்டான்.