சுருதிச் சண்டைக்கு முன் வேகத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

அபிமானப் பாடகரின் பாடல்களைக் கூடிக் கேட்டு அலசும் ரசிகர் கூட்டங்களில், "அந்தக் காலத்தில் அரைக் கட்டை (சுருதியில் அரை ஸ்வர அளவு) மேலே பாடினார்" என்ற வாக்குவாதம் வராமல் இருப்பதில்லை. முதலில் பதிவின் வேகத்தைச் சோதியுங்கள். இசைத்தட்டோ நாடாவோ ஏறத்தாழ 6 சதவீதம் வேகமாக ஓடினாலே சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். குரலும் மெலிந்து, இளமையாகக் கேட்கும். பழைய தட்டுகளில் பல சரியாக நிமிடத்துக்கு 78 சுற்று வேகத்தில் பதிவானவை அல்ல. ஹார்மோனியம் ஒலிக்கும் இடத்தை ட்யூனர் செயலியில் (ஒலிக்கும் ஸ்வரத்தை முள்ளால் காட்டும் கைபேசிச் செயலி) பாருங்கள். முள் இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே தொங்கினால் வேகத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

"சரணத்தை விழுங்கிவிட்டார்" என்ற குற்றச்சாட்டும் பல நேரம் அநியாயம். 10 அங்குல 78 தட்டின் ஒரு பக்கத்தில் 3 நிமிடம், கொஞ்சம் கூடப் போனால் மூன்றரை. அதற்குள் முடித்தாக வேண்டும். அதே பாடலை அவர் மேடையில் பாடிய பதிவு கிடைத்தால் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள்; எதைச் சுருக்கினார், எந்தச் சங்கதியை (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் மெருகை) விடாமல் காப்பாற்றினார் என்பது தெளிவாகத் தெரியும். அவருடைய கற்பனை வெளிப்படுவதே அங்கேதான்! இரண்டு பதிவுகளின் ஒலியளவையும் சமமாக வையுங்கள். சத்தம் கூடியது எப்போதும் மேலானதாகவே தோன்றும்.

முதல் முறை ஒலிக்கும்போது யாரும் பேச வேண்டாம். பேச்செல்லாம் இரண்டாம் முறைக்கு. இரண்டு மணி நேரக் கூட்டத்துக்கு நான்கைந்து பாடல்கள் தாராளம்.

இப்படிக்கு,
பழைய பதிவுகளைச் சேகரிக்கும் ரசிகர்கள் சிலர்