மீசைக்கு 5 புள்ளி

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு இணைப்பில் பழைய டிவி கேம்களைப் பற்றி அரைப் பக்கம் போட்டிருந்தீர்கள். சந்தோஷம். ஆனால் இரண்டு இடத்தில் மனசு கேட்கவில்லை. ஒன்று, மேலே போட்ட மரியோ படம், அந்த மீசைக்கார கேம் நாயகன். சட்டைப் பையில் கிடந்து துவைத்த ரூபாய் நோட்டு மாதிரி மழுங்கிப் போயிருந்தது. இன்னொன்று, பழைய உருவங்களைப் புதுசாக்க ‘ஒரு பட்டனைத் தட்டினால் போதும்’ என்ற வரி.

நான் கீழக்கரையில் செல்போன் சர்வீஸும் ஜெராக்ஸும் சேர்ந்த சின்னக் கடை வைத்திருக்கிறேன். ராத்திரி கடையைச் சாத்திய பிறகு, பழைய கேம் உருவங்களைப் புள்ளி புள்ளியாக (பிக்சல் என்பார்கள்) மறுபடி வரைவது என் பழக்கம். காசு வராத வேலை. மரியோ, ஜப்பானிய கேம் கம்பெனி நிண்டெண்டோவின் சொத்து, நான் வரைவதை விற்பதும் இல்லை. வீட்டில் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘கட்டம் கட்டுறது’.

தொண்ணூறுகளில் எங்கள் தெருவுக்கு டிவி கேம் வந்தது, துபாயிலிருந்து மாமா கொண்டுவந்த பெட்டியில். 1983ல் ஜப்பானில் வந்த நிண்டெண்டோவின் ஃபேமிகாம் என்ற கேம் இயந்திரத்தின் நகல் அது என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். கேசட் மேலே ‘9999 இன் 1’ என்று இருக்கும். உள்ளே அதே பத்துப் பதினைந்து கேம் திரும்பத் திரும்ப வரும். நம்ம ஊர் உப்புக்காற்றில் கேசட்டின் செம்புப் பற்கள் பச்சை பிடித்துவிடும். அழிரப்பரால் தேய்த்து, ஊதிப் போட்டால்தான் படம் வரும்.

ஒரே வரிசையில் ஆட்கள் நிறையச் சேர்ந்தால் உருவங்கள் மினுங்கும். வோல்டேஜ் கோளாறு என்று வாப்பா டிவி தலையில் இரண்டு தட்டுத் தட்டுவார். டிவி பாவம். திரையில் தனியாக நகரும் சின்னத் துண்டுக்கு ஸ்பிரைட் என்று பெயர். அந்த இயந்திரம் ஒரு கிடைவரியில் 8 ஸ்பிரைட்தான் காட்டும். சின்ன மரியோ ஒருவனே ஒரு வரியில் இரண்டை எடுத்துக்கொள்வான். ஆக, நாலு பேர் ஒரே உயரத்தில் நின்றாலே கணக்கு முடிந்தது. ஐந்தாவது ஆள் வந்தால் யாராவது மறைய வேண்டும். அதனால் மாற்றி மாற்றிக் காட்டும்படி எழுதிவைத்தார்கள். அதுதான் அந்த மினுங்கல்.

1985ல் வந்த சூப்பர் மரியோவின் அந்தச் சின்ன ஆளைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். நிற்கும்போது அகலம் 12 புள்ளி, உயரம் 16. நிறம் மூன்றே மூன்று: சிவப்பு, பழுப்பு, தோல் நிறம். முடி, கண், மீசை, சட்டை, ஷூ எல்லாம் ஒரே பழுப்பு. கண்ணுக்கு 2 புள்ளி. மீசைக்கு 5. அதற்கும் முன்னால், 1981ல் டாங்கி காங் கேமுக்காக நிண்டெண்டோவின் வடிவமைப்பாளர் மியாமோட்டோ இந்த ஆளை உருவாக்கியபோது, வாய் வரைய இடமில்லை என்று மீசை வைத்தார். முடி வரையச் சிரமம் என்று தொப்பி போட்டார். சூப்பர் மரியோ மொத்தமும் 40 கிலோபைட். இன்று வாட்ஸ்அப்பில் வரும் ‘காலை வணக்கம்’ ரோஜாப்பூ அதைவிடக் கனம். அந்தச் சிக்கனத்தில்தான் மேகத்தையே பச்சையாக்கிக் கீழே புதராக நட்டு வைத்தார்கள். இரண்டும் ஒரே வடிவம், நிறம் மட்டும் வேறு.

நீங்கள் சொன்ன பட்டனை நானும் தட்டிப் பார்த்தவன்தான். போனில் ஒரு செயலியில் இந்த 16 புள்ளி உயரத்து ஆளைப் போட்டேன். மீசையும் பின்னால் இருந்த கிருதாவும் ஒன்றாகக் கரைந்து, கன்னத்தில் கருப்பட்டிப் பாகு வழிந்த மாதிரி வந்தது. கண் வெறும் ஓட்டை. செயலியைக் குற்றம் சொல்லவில்லை. அந்த 5 புள்ளி மீசை என்று அதற்கு யார் சொன்னது?

சரி, கையால் வரைவோம் என்று முதலில் 32க்கு 32 கட்டம் எடுத்தேன். இடம் கிடைத்ததும் ஆசை வந்துவிட்டது. காதுமடல், விரல், பொத்தானில் நூல் எல்லாம் வந்தன. மரியோ மட்டும் வரவில்லை. வேறு யாரோ அவன் உடுப்பை இரவல் வாங்கிப் போட்டது போல இருந்தான். அந்தப் படம் ஒருநாள் கடைத் திரையில் திறந்தே கிடந்தது. சாயல்குடிப் பக்கமிருந்து பனை ஓலைப்பெட்டி விற்க வரும் அக்கா ஒருவர், ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர், எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தொப்பி ஓரத்துல ஒரு ஓலை தள்ளிப் போயிருச்சு தம்பி. அதான் கோணலா இருக்கு.”

எண்ணிப் பார்த்தேன். வளைவு இறங்கும் படிகள் 4, 2, 3, 1 என்று இருந்தன. 4, 3, 2, 1 என்று இறங்கினால்தான் கண் அதை வளைவாக எடுத்துக்கொள்ளும். நான் மூன்று ராத்திரி பார்த்தும் பிடிபடாதது அவருக்கு ஜெராக்ஸ் மெஷின் சூடாவதற்குள் தெரிந்துவிட்டது. சாய ஓலையில் பூப்போட்டு முடைகிறவருக்குப் படிக்கட்டுதான் வளைவு. அன்றைக்கு ஜெராக்ஸுக்குக் காசு வாங்கவில்லை.

அப்புறம் 16க்கே திரும்பினேன். கட்டத்தின் அளவைத் தொடவில்லை, நிறத்தை 3லிருந்து 9 ஆக்கினேன். இதில்தான் இந்தக் கால பாணி என்று சொல்கிறோமே, அதன் வேலையே இருக்கிறது. சிவப்புத் தொப்பிக்கு நிழல் வேண்டுமென்று சிவப்பில் கறுப்பைக் கலந்தால் அழுக்குத்தான் வரும். நிழலை ஊதாப் பக்கம் தள்ள வேண்டும், வெளிச்சத்தை ஆரஞ்சுப் பக்கம். நம்ப முடியாவிட்டால் பகல் 12 மணிக்குக் கடற்கரைக்கு வந்து வெள்ளையடித்த சுவரின் நிழலைப் பாருங்கள், நீலம் பாய்ந்திருக்கும். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று முடிவு செய்யாமல் ஓரமெல்லாம் கறுத்து நடுவில் வெளுத்தால் உருவம் தலையணை மாதிரி உப்பிவிடும். என் முதல் பத்துப் படமும் தலையணைதான்.

இன்னொரு சங்கதி. லேப்டாப்பில் மரியோ எனக்கு எப்போதும் மெலிந்தே தெரிந்தான். கண் கோளாறா என்று யோசித்தேன். பழைய இயந்திரத்தின் திரை 256 புள்ளி அகலம், 240 வரி உயரம். அதை அகலம் 4, உயரம் 3 என்ற கணக்கில் இருந்த பழைய டிவியில் நிரப்பும்போது ஒவ்வொரு புள்ளியும் சற்று அகலமாக விரியும். லேப்டாப்பில் புள்ளி சதுரம். வரைந்தவர்கள் அந்தக் கண்ணாடி டிவியின் விரிவையும் கலங்கலையும் சேர்த்தே கணக்குப் போட்டார்கள். 1991ல் வந்த சோனிக் என்ற கேமில் அருவியை வெறும் செங்குத்துக் கோடுகளாக வரைந்திருப்பார்கள். டிவி வயரில் அது கலங்கி, பின்னால் இருப்பது தெரியும் தண்ணீராகிவிடும். ஆகவே என் மரியோவுக்கு இடுப்பில் ஒரு புள்ளி கூட்டினேன். புதரை மேகமாகவே விட்டுவிட்டேன். அதைத் திருத்தக் கை வரவில்லை.

பெரிய கம்பெனிகளும் இதில் சறுக்கியிருக்கின்றன. ஃபைனல் ஃபேன்டஸி ஆறாவது கேமை 2014ல் போனுக்குக் கொண்டுவந்தபோது உருவங்களை வழவழவென்று மாற்றினார்கள். ரசிகர்கள் திட்டித் தீர்த்தார்கள். 2021ல் தொடங்கிய பிக்சல் ரீமாஸ்டர் வரிசையில் மறுபடி புள்ளிக்கே வந்தார்கள். அதை மேற்பார்த்தது 1987ல் முதல் கேமுக்கு உருவங்கள் வரைந்த அதே கசுகோ ஷிபுயா அம்மா. எந்தப் புள்ளி எதற்கு என்று தெரிந்த கை.

அடுத்த முறை இப்படிப் படம் போடுவதாக இருந்தால் உங்கள் பக்கம் கட்டுபவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஃபோட்டோஷாப்பில் பெரிதாக்கும்போது ‘நியரஸ்ட் நெய்பர்’ என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதை வைத்தால் புள்ளி கரையாது. இத்துடன் என் மரியோவை இணைத்திருக்கிறேன், 16க்கு 16. போடுவதென்றால் 10 மடங்கோ 20 மடங்கோ பெரிதாக்குங்கள். பத்தியின் அகலத்துக்குச் சரியாக வரவேண்டும் என்று பதினேழரை வேண்டாம். மீசையில் ஒரு புள்ளி மெலிந்து, அடுத்தது தடித்துப்போகும்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருவர்,
கீழக்கரை.