வைக்கோல் கன்றும் பான் நகரத்து நாய்க்குட்டியும்

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனை வைத்ததிலிருந்து மனசு அதே இடத்தில் நிற்கிறது. ஊருக்கு வந்திருந்தபோது புரசைவாக்கத்தில் நடுரோட்டில் படுத்திருந்த மாடு உன் ஆட்டோவைப் பத்து நிமிஷம் நிறுத்தியதையும், எதிர் வீட்டுக் குழந்தையை நாய் கடித்ததையும் சொல்லிவிட்டு, "நாகரிகமான ஊர்ல மிருகத்துக்கு என்னம்மா வேலை?" என்று கேட்டாய். எனக்கு உடனே பதில் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுமையாகப் படி.

உன் தாத்தா பால்காரர் என்று உனக்குத் தெரியும். எப்படிப் பால் கறந்தார் என்பதை நான் உன்னிடம் சொன்னதே இல்லை. என் சின்ன வயசில் நம் பக்கத்தில் மாட்டையே வாடிக்கை வீட்டு வாசலுக்கு ஓட்டிப் போய், அந்த வீட்டம்மா பார்த்துக்கொண்டு நிற்க, அவர்கள் கொடுக்கிற சொம்பில் கறந்து தர வேண்டும். அப்போதுதான் தண்ணீர் கலக்கவில்லை என்று நம்புவார்கள். நாட்டு மாடு சும்மா போய் உட்கார்ந்தால் பால் விடாது. கன்று வந்து மடியை முட்டி, அதன் வாசனை தாய்க்கு எட்டி, அது நாலு தடவை நக்கிக் கொடுத்தால்தான் பால் இறங்கும். உடம்புக்குள் ஆக்ஸிடோசின் என்ற சுரப்பு ஊறுவதுதான் காரணம் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

சரி, கன்று செத்துப்போனால்? தோலை உரித்து உப்புப் போட்டுக் காயவைத்து, உள்ளே வைக்கோல் திணித்துத் தைத்துவிடுவார்கள். அந்த வைக்கோல் கன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு தாத்தாவோடு விடியற்காலையில் நடந்தவள் நான். எனக்கு அப்போது ஒன்பது வயசு. கண் இருந்த இடத்தில் தையல், கால் இருக்க வேண்டிய இடத்தில் குச்சி. வாசலில் அதைத் தாயின் முகத்துக்கு நேரே நிறுத்தி நான் பிடித்துக்கொள்வேன், அது நக்க ஆரம்பிக்கும், தாத்தா காம்பில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு உட்காருவார், சொம்பில் சர் சர்ரென்று சத்தம் கேட்கும். அந்தத் தோலின் முதுகில் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு முடியே கிடையாது. தாய் நக்கி நக்கித் தேய்ந்த இடம்.

தாத்தா கெட்டவர் இல்லை, மாட்டுக்குப் புண்ணாக்கு ஊறவைக்காமல் அவர் ஒரு நாளும் சாப்பிட உட்கார்ந்ததில்லை. ஆனால் காளைக் கன்று பிறந்தால் அதற்கு மடியில் பால் மிஞ்சாது, அது மெலிந்துகொண்டே வரும். கொட்டகையில் எல்லோருக்கும் அது தெரியும், யாரும் பேச மாட்டோம். அந்தக் காசில்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். நான் படித்ததால்தான் உன்னைப் படிக்கவைக்க முடிந்தது, நீ இன்று ஜெர்மனியில் இருக்கிறாய். அந்த மாட்டுக்கு நம் வாழ்க்கையில் என்ன வேலை என்று என்னால் கேட்க முடியாது, கண்ணா.

நம் வீட்டுக் கதை மட்டும் இல்லை இது. பழந்தமிழில் மாடு என்றாலே செல்வம் என்று ஒரு பொருள் உண்டு. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் நடுகற்கள், அதாவது செத்த வீரர்கள் நினைவாக நட்ட கற்கள், கிடைத்தன, கிறிஸ்துவுக்கு முந்தைய காலத்தவை, தமிழில் எழுத்து பொறித்த மிகப் பழைய நடுகற்களில் சேர்ந்தவை. அதில் ஒரு கல்லில் 'ஆகோள்' என்று வெட்டியிருக்கிறார்கள், அதாவது மாடு பிடிக்கும் சண்டை. கல்லில் எழுதிவைக்கக் கற்றுக்கொண்டதும் நம் ஆட்கள் எழுதியதில் மாட்டுக்காகச் செத்தவன் கதை ஒன்று. கீழடியைத் தோண்டினார்களே, அங்கேயும் திமில் மாடு, எருமை, ஆடு எலும்புகள் வந்தன. நாகரிகம் என்று நாம் பெருமையாகக் காட்டுகிற குழிக்குள்ளேயே அவை இருக்கின்றன.

செங்கம் பக்கம் எடுத்தனூரில் 7-ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்று உண்டு, பல்லவ ராஜா மகேந்திரவர்மன் காலத்தது. வீரனோடு கூட ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள், அதற்குப் பெயரும் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன். கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றதாம். 1400 வருஷம் கழித்தும் அந்த நாயின் பெயரை என்னால் சொல்ல முடிகிறது, யோசித்துப் பார்.

இன்னொரு நாய் உன் ஊரிலேயே இருக்கிறது. பான் நகரத்தில் ஓபர்காசல் என்ற பகுதியில் 1914-ல் கல் குவாரியில் வேலை செய்தவர்கள் ஒரு குழியைக் கண்டார்கள். ஒரு ஆண், ஒரு பெண், கூடவே ஒரு நாயின் எலும்புகள். சுமார் 14,000 வருஷத்துக்கு முந்தியது, விவசாயமே ஆரம்பிக்காத காலம். 2018-ல் வந்த ஆய்வில் அந்த நாயின் பல்லை வைத்துச் சொன்னார்கள்: அது சுமார் 7 மாதக் குட்டி, டிஸ்டெம்பர் நோய் வந்து மூன்று தடவை மோசமாகிப் பிழைத்து, யாரோ தண்ணீர் கொடுத்துத் துடைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டதால்தான் அத்தனை நாள் உயிரோடு இருந்திருக்கிறது. நோயாளிக் குட்டி வேட்டைக்கு உதவியிருக்காது, காவலுக்கும் உதவியிருக்காது. அப்படியும் பார்த்துக்கொண்டார்கள், செத்தபின் தங்கள் மனிதர்களோடு சேர்த்துப் புதைத்தார்கள். இதைப் படித்த அன்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

உனக்கு ஐந்து வயசில் தட்டம்மை வந்தது ஞாபகம் இருக்கிறதா? வாசலில் வேப்பிலை கட்டி, ஒன்பது நாள் உன் பக்கத்திலேயே கிடந்தேன். நாய்க்கு வரும் அந்த டிஸ்டெம்பர், மாட்டுக்கு வந்த வெக்கை நோய், உனக்கு வந்த தட்டம்மை மூன்றும் ஒரே வகைக் கிருமி. அதிலும் தட்டம்மை, வெக்கைக் கிருமியிலிருந்து பிரிந்து வந்தது என்கிறார்கள் ஆய்வாளர்கள், ஜனம் லட்சக்கணக்கில் நெருக்கியடித்து வாழும் ஊர்கள் வந்த பிறகுதான் அது மனிதரிடம் நிலைத்திருக்க முடியும் என்கிறார்கள். மாட்டையும் கூட்டிக்கொண்டு ஊராகச் சேர்ந்தோம், பாலும் வந்தது, நோயும் வந்தது. வெக்கை என்ற வார்த்தையைக் கேட்டாலே தாத்தா முகம் மாறிவிடும், ஒரே வாரத்தில் கொட்டில் காலியாகும் என்பார். 2011-ல் அந்த நோய் உலகத்திலிருந்தே ஒழிந்தது என்று அறிவித்தார்கள், அதைக் கேட்க அவர் இல்லை.

மருந்தும் அங்கிருந்துதான் வந்தது. என் கையில் அம்மை குத்திய தழும்பைச் சின்ன வயசில் தடவித் தடவிப் பார்ப்பாயே, அந்தப் பெரியம்மை மருந்தைக் கன்றுகளின் தோலில் வளர்த்துத்தான் எடுத்தார்கள், நம் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் அதுதான் நடந்தது. வாக்ஸின் என்ற பெயரே லத்தீனில் பசுவைக் குறிக்கும் வாக்கா என்ற சொல்லிலிருந்து வந்தது.

எதிர் வீட்டுக் குழந்தை விஷயத்தில் உன் கோபம் நியாயம். அவளை ஊசி போடத் தூக்கிக்கொண்டு போனவர்களில் நானும் ஒருத்தி, வெறிநாய்க்கடியில் அலட்சியம் கூடாது. மாட்டுக்காரர் கறந்துகொண்டு ரோட்டில் விட்டுவிடுவதும் தப்புதான், அவர் வாசலில் போய் நான் சண்டையே போட்டிருக்கிறேன். ஆனால் நாம் சேர்த்துக்கொண்டு, நம் சோற்றுக்குப் பழக்கி, காட்டு வழியை மறக்கடித்த உயிரை, இப்போது பிடித்துக்கொண்டு போய்விடுங்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இந்தச் சென்னையில் அதையும் வருஷக்கணக்காகச் செய்து பார்த்தார்கள், பிடித்த நாய்களைக் கொன்றுகொண்டே இருந்தார்கள், தெருவில் நாய் குறையவில்லை. 1996-ல் அதை நிறுத்திவிட்டுக் கருத்தடையும் தடுப்பூசியும் என்று மாறினார்கள். அதை இன்னும் ஒழுங்காக, எல்லாத் தெருவிலும் செய்ய வேண்டும், நான் கேட்பது அதுதான்.

வியாழக்கிழமை நம் தெருவுக்கு ஊசி போட வருகிறார்கள். நம் தெரு நாய் செவலை வேறு யார் கூப்பிட்டாலும் வராது, அதனால் நான்தான் பிடித்துக் கொடுக்க வேண்டும், கொஞ்சம் கறி வாங்கி வைத்திருக்கிறேன். நீ சனிக்கிழமை லீவுதானே, பான் மியூசியத்துக்கு ஒரு நடை போய்விட்டு வா. போட்டோ எடுக்க விட்டால் அந்தக் குட்டியின் எலும்பை எனக்கு எடுத்து அனுப்பு, கிட்டப் போய் எடு.

அன்புடன்,
அம்மா